வெள்ளைச் செவந்தி நீலமாவது யாருடைய வேலை?

வெள்ளைச் செவந்திப் பூ ஒன்றைக் காம்போடு வாங்கி, நீல நிறம் கலந்த தண்ணீரில் நிறுத்தி வைத்தால் மறுநாள் பூ நீலமாகிவிடும். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட இதைவிட எளிதான சோதனை கிடைப்பது கஷ்டம். ஆனால் "தண்டு தண்ணீரை உறிஞ்சுது" என்று ஒரே வரியில் விளக்கத்தை முடித்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்டு வெறுமனே வழி விடுகிறது, இழுக்கிற வேலை முழுக்க மேலே இருக்கும் இலையுடையதும் பூவினுடையதும்.

முதலில் செய்முறை. காம்பு ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். அரை டம்ளர் தண்ணீரில் ஃபுட் கலரை 20, 30 சொட்டு தாராளமாகவே விடுங்கள், கஞ்சத்தனம் பார்த்தால் பூவில் நிறம் தெரியாது. காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே பிளேடால் சாய்வாக வெட்டுங்கள் (இதைப் பெரியவர்கள் செய்யட்டும்). வெளியில் வெட்டினால் காற்று உள்ளே புகுந்து குழாயை அடைத்துக்கொள்ளும். மஞ்சள் தூள் கலக்கலாமா என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். கலந்து பார்க்கட்டும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, தூள் அடியில் படிந்துவிடும், பூ வெள்ளையாகவே நிற்கும்.

சில மணி நேரம் கழித்து ஒரு இதழைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் சீராகப் பரவியிருக்காது. அடியிலிருந்து நுனி வரை மெல்லிய நீலக் கோடுகள் ஓடும், நுனியில் மட்டும் அடர்த்தியாக இருக்கும். அந்தக் கோடுகள்தான் சைலம் குழாய்களின், அதாவது செடிக்குள் தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்களின் பாதை. செல்கள் வரிசையாக வளர்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து, சுவர் மட்டும் மிஞ்சுவதால் உண்டாகும் குழாய்கள் இவை. அதாவது வேலை செய்யும்போது அவை உயிரற்றவை. உயிரில்லாத குழாய் எப்படி உறிஞ்சும்?

நுண்புழை ஏற்றம், அதாவது மெல்லிய குழாயில் தண்ணீர் தானாகவே ஏறுவது என்று பலர் பதில் சொல்வார்கள். 0.04 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் அந்த விசையால் தண்ணீர் சுமார் 75 சென்டிமீட்டர் ஏறும், ஒரு சாண் காம்புக்கு அது தாராளம். சிக்கல் என்னவென்றால், ஏறிய தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். டம்ளரில் தண்ணீர் குறைந்துகொண்டே போவதற்கு அது காரணமாகாது. கலிபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ரெட்வுட் மரங்களுக்கு அந்த விசை கொஞ்சமும் எட்டாது.

ஜெர்மானியத் தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1890களை ஒட்டி, தண்டில் உள்ள உயிருள்ள செல்கள்தான் நீரை ஏற்றுகின்றனவா என்று சோதித்தார். மரத்தை அடியில் அறுத்து நச்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு ஏறி, தண்டில் உயிரோடு இருந்த செல்களையெல்லாம் கொன்றது. அப்படியும் நீர் ஏறுவது நிற்கவில்லை. இலைகள் செத்த பிறகுதான் நின்றது. 1894இல் அயர்லாந்தின் டப்ளினில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்குக் காரணம் சொன்னார்கள்: இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த இடத்துக்கு அடுத்த நீர் இழுபடுகிறது, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் (இதுதான் ஓரினக் கவர்ச்சி) கிணற்றுக் கயிற்றை மேலே நின்று இழுப்பதுபோல அடி வரைக்கும் இழுப்பு போய்ச் சேருகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பூக்களை ஒரே நிற நீரில் வையுங்கள், ஒன்றை மின்விசிறிக் காற்றில், இன்னொன்றின் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டி. பைக்குள் ஈரம் நிறைந்து ஆவியாவது குறைந்துவிடும், அந்தப் பூவில் நிறம் ஏறத் தாமதமாகும். தண்டு, தண்ணீர், சாயம் எல்லாம் ஒன்றுதான், மாறியது மேலே உள்ள காற்று மட்டுமே. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பூ இல்லாத சோதனை பாதிச் சோதனைதான்.

இதழ் நுனி கருநீலமாவதற்கும் இதுவே காரணம். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சாயத்தால் போக முடியாது, நரம்பு முடிகிற இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அப்புறம், காம்பை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை நீலத்திலும் மறு பாதியைச் சிவப்பிலும் வைத்தால் பூ ஏறக்குறைய பாதிப் பாதியாக நிறம் மாறும், ஏனென்றால் ஒவ்வொரு குழாய்க் கற்றையும் பெரும்பாலும் தன் பக்கத்து இதழ்களுக்குத்தான் போகிறது.

தொட்டிச் செடிக்கு நிற நீர் ஊற்றினால் பூ நிறம் மாறுமா என்றால், அநேகமாக மாறாது. வேரின் உட்பகுதியில் மெழுகு போன்ற பட்டை பூசிய ஒரு செல் அடுக்கு இருக்கிறது, கரைந்து வருவதில் எதை உள்ளே விடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது, சாயத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் காசித்தும்பைச் செடியைப் பிடுங்கி வேரோடு சிவப்பு நீரில் வைத்தால் அதன் கண்ணாடித் தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறுவதைப் பார்க்கலாம். பிடுங்கும்போதே மெல்லிய வேர்கள் அறுந்து, அந்த அடுக்கைத் தாண்டாமலே சாயம் குழாய்க்குள் நுழைய வழி திறந்துவிடுகிறது.