காரம் பட்டதும் கூழ் ஏன் கறுக்கிறது?

காகித ஆலையில் மரக்கூழை வெளுக்கும் ப்ளீச்சிங் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பதறிக்கொண்டு சொல்லும் முதல் புகார் இது: "சார், குளோரின் டை ஆக்சைடுல வெளுத்து வந்த கூழ், காஸ்டிக் (காரம்) பட்டதும் மறுபடி பழுப்பாயிடுச்சு!" எதுவும் கெட்டுப்போகவில்லை. அழுக்கு வெளியேறுவதே அந்த இடத்தில்தான்.

நாரின் உடலான செல்லுலோஸுக்கு நிறம் கிடையாது. மரத்தில் நார்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் லிக்னின். மரச்சில்லுகளை ரசாயனத்தில் வேகவைக்கும் சமையலுக்குப் பிறகும் நாரைவிட்டுப் போகாத லிக்னின்தான் பழுப்புக்குக் காரணம். அதிலுள்ள குயினோன்கள் என்ற நிறமுள்ள தொகுதிகளும் தொடர்ச்சியான இரட்டைப் பிணைப்புகளும் நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிச்ச ஒளி நமக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. கூழின் வெண்மையைச் சொல்லும் பிரைட்னஸை 457 நானோமீட்டரில், அதாவது நீல ஒளியில், அளப்பது அதனால்தான்.

குளோரின் டை ஆக்சைடு அமிலச் சூழலில் லிக்னினின் பென்சீன் வளையங்களை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் பல கார்பாக்சிலிக் அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும். அமிலத் தண்ணீரில் இவை சரியாகக் கரையாமல் நாரிலேயே தங்கிவிடும். காரம் சேர்ந்ததும் சோடியம் உப்பாக மாறிக் கரைகின்றன. எஞ்சிய ஃபீனால்கள் அதே காரத்தில் அயனியாகி நிறத்தைக் கூட்டிக் காட்டும். கூழ் கறுப்பது அப்போதுதான். கூழைக் கழுவும் வாஷரின் வடிநீரை ஒரு பீக்கரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: சிவந்த பழுப்பு. சற்று முன்புவரை அது நாருக்குள் இருந்தது. அதைச் சரியாகக் கழுவி வெளியேற்றாவிட்டால், அடுத்த வெளுப்பு டவரில் போடும் குளோரின் டை ஆக்சைடை நாருக்கு முன் அதுவே தின்றுவிடும். டோஸை ஏற்றும் முன் வாஷரைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

ஒருகாலத்தில் இந்த வேலைக்குக் குளோரின் வாயுவையே பயன்படுத்தினார்கள். 1980களில் கழிவுநீரில் டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்கள் கண்டறியப்பட்ட பிறகே ஆலைகள் குளோரின் டை ஆக்சைடு பக்கம் திரும்பின.

ஹைட்ரஜன் பெராக்சைடின் வழி வேறு. காரத்தில் அது தரும் பெர்ஹைட்ராக்சில் அயனி, நிறம் தரும் கார்பனைல் தொகுதிகளைத் தாக்குகிறது. நிறம் போய்விடும், லிக்னின் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மரத்தை அரைத்தே எடுக்கும் இயந்திரக் கூழை இப்படித்தான் வெளுக்கிறார்கள். அந்தக் கூழில் செய்த செய்தித்தாளை ஜன்னலோரம் சில நாள் விட்டால் மஞ்சளாகிறதே, உள்ளே தங்கிய லிக்னின் வெயிலில் தன் நிறத்தை மீட்டுக்கொள்கிறது.

பெராக்சைடில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பிரைட்னஸ் இலக்குக்கு இரண்டு புள்ளி கீழே நின்றது. டோஸை ஏற்றினோம், நகரவில்லை. மறுபடி ஏற்றினோம். டவர் முடிவில் மிச்சப் பெராக்சைடு பூஜ்யம், செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தைக் காட்டும் விஸ்காசிட்டி வேறு சரிந்துகொண்டே போனது. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, உலோகத்தைப் பிடித்து வைக்க ஈடிடிஏ சேர்க்கும் கட்டத்தில் பிஎச் மீட்டர் தப்பாகக் காட்டியிருக்கிறது. மரத்தோடு வரும் மேங்கனீஸ் முழுதாகப் பிடிபடாமல் பெராக்சைடு டவருக்குப் போய், பெராக்சைடை வீணாகச் சிதைத்திருக்கிறது. அப்படிச் சிதையும்போது பிறக்கும் ராடிக்கல்கள் (எதையும் தாக்கும் துடிப்பான துகள்கள்) லிக்னினோடு நிற்பதில்லை, செல்லுலோஸ் சங்கிலியையும் அறுக்கும். நாங்கள் காசு கொடுத்து நாரை வெட்டிக்கொண்டிருந்தோம். மீட்டரைச் சரிசெய்ததும் பழைய டோஸே போதுமானதாக இருந்தது.

அகன்ற இலை மரக்கூழில் கப்பா எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கூழ் எவ்வளவு பெர்மாங்கனேட்டைத் தின்கிறது என்று பார்த்து, மிச்சமுள்ள லிக்னினைச் சொல்லும் எண் அது. சமையலில், நாரோடு இருக்கும் சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலியிலிருந்து உருவாகும் ஹெக்செனூரோனிக் அமிலமும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். லிக்னினே அல்லாத ஒன்று அந்த எண்ணில் லிக்னினாகக் கணக்காகிவிடும். காரத்தையோ ஆக்சிஜனையோ எவ்வளவு கூட்டினாலும் அந்த அமிலம் அசையாது. சூடான அமிலத்திலோ, குளோரின் டை ஆக்சைடு, ஓசோன் போன்றவற்றிலோதான் போகும்.