மருந்து இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருப்பி அனுப்பினால்

அரசு மருத்துவமனைகளுக்கு என்.கியூ.ஏ.எஸ். என்ற தேசியத் தரச் சான்று இருக்கிறது. 2013-இல் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்தது, பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்தது. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து பார்த்து, மதிப்பெண் போடுவார்கள். சான்றுக்கு மொத்தத்தில் 70 சதவீதமாவது தேற வேண்டும். 3 ஆண்டுகள் செல்லும். பின்னணி இவ்வளவு போதும்.

அதன் அடிப்படை எளியது. குறையை எழுதிவைக்க வேண்டும், எத்தனை முறை நடந்தது என்று எண்ண வேண்டும், காரணம் கண்டு ஒரு மாற்றம் செய்து, மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கில் ஏறாத குறையை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். நம் ஆட்கள் நஷ்டப்படுவது இங்கேதான். நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சர்க்கரை மாத்திரைக்கு வரும் அம்மாவை, "மாத்திரை வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டால், பதிவேட்டில் அவர் அன்று பார்க்கப்பட்ட நோயாளி. டாக்டர் இல்லை என்று வாசலோடு திரும்பினால், பதிவேட்டிலேயே அவர் இல்லை. கருத்துப் படிவமும் உள்ளே போய் வந்தவர்களிடம்தான் வாங்கப்படுகிறது.

அதனால் ஓ.பி. சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கிடைக்காத மருந்துக்கு நேரே "இருப்பில் இல்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம். மருந்தின் பெயர், தேதி, நேரத்தைச் சீட்டின் பின்பக்கம் நீங்களே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸைத் திட்டாதீர்கள், மருந்து வராததற்கு பெரும்பாலும் அவர் காரணமில்லை. புகார்ப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள், அதில் போட்டதற்கு ரசீது கிடையாது. முதல்வர் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்தால் மனு எண் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை உதகை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அடுத்த அலைச்சல், எந்த ஆபீஸ் என்பது. ஆரம்ப சுகாதார நிலையம் மாவட்ட சுகாதார அலுவலரின் கீழ் வரும். கூடலூர், கோத்தகிரி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனை, மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் கீழ் வரும். மாற்றி எழுதினால் "இது எங்களுடையது இல்லை" என்ற ஒரே பதில். பந்தலூரிலிருந்து உதகைக்கு வந்து அதைக் கேட்டுத் திரும்புவது எவ்வளவு கொடுமை என்பது கவுண்டருக்குள் இருப்பவர்களுக்கு ஏன் உறைப்பதில்லை?

மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மட்டும் பதில் வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். இங்கே ஆபீஸ் மாறிப் போனாலும் பயமில்லை, பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் அதற்குச் சான்று கேட்டு இழுப்பார்கள், 10 ரூபாயோடு போகட்டும். எழுதத் தெரியாதவர் நேரில் வந்து வாயால் சொன்னால், விண்ணப்பத்தை வாங்கும் பொதுத் தகவல் அலுவலர் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது.

பெரிய பொறி கேள்வியில் இருக்கிறது. "ஏன் மருந்து இல்லை?" என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த மாத்திரையின் இருப்புப் பதிவேட்டு நகல், மருந்து கேட்டு அனுப்பிய கடிதங்களின் நகல், கடைசித் தர மதிப்பீட்டின் மதிப்பெண் தாள். ஒரு மருந்து, ஒரு மாதம் என்று சுருக்கிக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். தனியார் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இந்த வழி செல்லாது.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். விண்ணப்பம் போட்ட அன்றே இந்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.