பாதி அளவு சோப்புத்தூள் போதுமா?

சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்தால் துணி வெளுக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றாடத் துணி என்றால், பெரும்பாலும் வெளுக்கும்.

சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு என்பது பள்ளியிலேயே படித்ததுதான். சுவையான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சோப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் கரைபவை நீர்ப்பரப்புக்குப் போய், தலையை நீரில் அமிழ்த்தி, வாலைக் காற்றில் நீட்டி, நெருக்கியடித்து நிற்கும். நீர்ப்பரப்பை மெல்லிய தோல்போல் இறுக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசை, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனாக இருந்தது, மளமளவென்று இறங்கி ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்படி இளகிய நீர்தான் நூலிழைகளுக்குள் புகும்.

பரப்பில் இடம் நிரம்பியதும், அடுத்து வருபவை வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே காட்டி, நீருக்குள்ளேயே உருண்டைகளாகத் திரளும். இதுதான் மிசெல். பல சோப்புகளில் இருக்கும் சோடியம் டோடெசில் சல்ஃபேட், தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் ஆனதும் இப்படித் திரளத் தொடங்குகிறது. ஓர் உருண்டையில் ஏறக்குறைய 60 மூலக்கூறுகள். கெட்டியான பந்து என்று எண்ண வேண்டாம். மைக்ரோ நொடிகளில் ஒன்று வெளியேறும், இன்னொன்று நுழையும். எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறையாத காட்சி இது!

இந்த எல்லையைத் தாண்டியபின் எவ்வளவு கொட்டினாலும் பரப்பு இழுவிசை அநேகமாக அசையாது, மிசெல்கள்தான் பெருகும். எண்ணெயை உள்ளே வாங்கிக்கொள்பவை அவையே என்பதால் கொஞ்சம் உபரி தேவை. பிசுக்கேறிய துணிக்கு அந்த உபரி கூடுதலாகவே வேண்டும். வியர்வையும் தூசியும் படிந்த துணிக்கு அது வீண்.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது அசைக்க முடியாத மூடநம்பிக்கையாகிவிட்டது. வாஷிங் மெஷினில் நுரை மிகுந்தால் அது மெத்தைபோல் நின்று துணிகள் உரசுவதைத் தடுக்கும். அலசியும் போகாத சோப்பு இழைகளில் தங்கித் துண்டுகளை விறைப்பாக்கும். அழுக்கைப் பிடித்துவைத்து நாற்றம் தரும். சோதிக்க வேண்டுமா? துவைத்து உலர்ந்த துண்டொன்றைச் சோப்பில்லாத வெந்நீரில் போட்டுக் கசக்குங்கள். நுரை வந்தால், இதுவரை போட்டது அதிகம்.

உறையில் சொன்ன அளவை ஒரே நாளில் பாதியாக்காமல், நான்கில் ஒரு பங்கு குறைத்து, நாலைந்து சலவை பாருங்கள். கழுத்துப்பட்டையில் பிசுக்கு நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். கடின நீரில் இந்தக் கணக்கு மாறும். கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சோப்பின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும். நீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற அளவை எல்லா உறைகளிலும் அச்சிடச் சட்டமே வேண்டும் என்பது என் கருத்து.

பாத்திரம் கழுவும் திரவத்தைக் குழாயடியில் பஞ்சின் மேல் பீய்ச்சினால் ஓடும் நீரோடு போய்விடும். கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி (5 மி.லி.) கலந்து தொட்டுத் தேயுங்கள். திரவத்தில் 15 சதவீதம் சோப்புப்பொருள் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 3 கிராம் ஆகிறது; எல்லையைத் தாண்டியாயிற்று. அன்றன்றைக்கு மட்டும் கலக்குங்கள். புட்டி முழுக்க நீர்த்துவைத்தால், கெடாமல் காக்கும் பொருளும் நீர்த்துப்போய்க் கிருமிகள் வளரும்.

கிருமிநாசினியில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. அங்கே செறிவு குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். உறையில் உள்ள அளவும், ஊறவைக்கும் நேரமும் அப்படியே இருக்கட்டும்.