பல்வலியோடு ஜெயித்தவரைக் காட்டிக் கால்வலிக்காரியைத் தாண்டச் சொல்லாதீர்கள்

போன வாரம் சிகிச்சைக்கு என்னிடம் இன்னொரு பெண் வந்தாள். கல்லூரி மாணவி, ஹெப்டத்லான் வீராங்கனை. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஏழு போட்டிகளை இரண்டு நாளில் முடிக்கிற விளையாட்டு அது. இடது பாதத்தின் மேல்பக்கம், நட்டநடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தால் துடிக்கிறாள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் எலும்பில் விரிசல். வலி வந்து இரண்டு மாதமாகிறதாம். "ஏம்மா முன்னாடியே வரல?" என்று கேட்டதற்கு, "ஸ்வப்னா பர்மன் தாடையில டேப் ஒட்டிக்கிட்டே தங்கம் வாங்கலையா, நீயும் தாங்கிக்கோன்னு கோச் சார் சொன்னார் மேடம்" என்கிறாள்.

இதே பேச்சைப் பல பிள்ளைகள் வாயிலாகக் கேட்டாகிவிட்டது. பெற்றோரும் சொல்கிறார்கள், பி.டி. மாஸ்டர்களும் சொல்கிறார்கள். அதனால் ஸ்வப்னா தங்கம் வாங்கிய ஜகார்த்தாவில் என்ன நடந்தது என்பதை முதலில் சரியாகப் பேசிவிடுவோம்.

2018 ஆகஸ்ட், ஆசிய விளையாட்டுப் போட்டி. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியைச் சேர்ந்த ஸ்வப்னா 6026 புள்ளிகள் எடுத்தார். ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. உயரம் தாண்டுதலில் 1.82 மீட்டர், ஈட்டி எறிதலில் 50.63 மீட்டர். கன்னத்தில் டேப் ஒட்டியிருந்ததும் உண்மை. ஆனால் அவருக்கு வலித்தது பல். பல்வலி கொடுமையான வலிதான், இரண்டு நாள் அதோடு ஆடியது பெரிய மனவுறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் நீளம் தாண்டும்போது பல்லில் யாரும் ஊன்றி எழும்புவதில்லை. ஆடுவதால் பல் மேலும் உடையப் போவதில்லை. உங்கள் பெண்ணுக்கு வலிப்பது அவள் ஊன்றி எழும்புகிற பாதம். ஒவ்வொரு தாண்டலிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை அந்த எலும்பில்தான் இறங்குகிறது. அங்கே வலி வருகிறது என்றால், சுமை தாங்க முடியவில்லை என்று எலும்பு சொல்கிறது. அதைத் தாங்கிக்கொள் என்றால், விரிசலை முறிவாக்கு என்றுதான் பொருள். வலி எவ்வளவு என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. எங்கே வலிக்கிறது, சுமை ஏற்றினால் கூடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. "ரொம்ப வலிக்கலை மேடம், ஓடிடலாம்" என்று சொன்ன பிள்ளைகளின் ஸ்கேனில்தான் மோசமான விரிசல்களைப் பார்த்திருக்கிறேன். ஆக, இரண்டும் வலிதானே என்று பல்லையும் பாதத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

ஸ்வப்னா கதையில் நம் ஆட்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி வேறு. அவருக்கு இரண்டு கால்களிலும் ஆறு ஆறு விரல்கள். கடையில் கிடைக்கும் ஷூ பொருந்தாமல் வலியோடுதான் பயிற்சி செய்தார். ஜெயித்த பிறகு அவர் வெளிப்படையாகக் கேட்டது தன் காலுக்கு ஏற்ற ஷூ. அதன் பிறகு அடிடாஸ் அவர் காலை அளவெடுத்துச் செய்து கொடுத்தது. தங்கம் வாங்கும்வரை அந்த ஷூவுக்காக ஒரு வீராங்கனை காத்திருக்க வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஷூ பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு போட்டிக்கும் ஒரே ஸ்பைக்ஸோடு (அடியில் முள் வைத்த ஷூ) வரும் பிள்ளைகள் ஏராளம். உயரம் தாண்டும் ஷூவுக்கும் ஈட்டி ஷூவுக்கும் குதிகால் பக்கத்திலும் முள் இருக்கும். குண்டு எறியும் ஷூவில் முள்ளே கிடையாது, அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். ஓட்ட ஸ்பைக்ஸில் குதிகால் பக்கம் எந்தப் பிடிப்பும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஈட்டிக்கு ஓடிவந்து ஊன்றினால் கணுக்காலும் முழங்காலும் என்னாகும்? வலது கைக்காரப் பெண் இடது காலில் எழும்புபவளாக இருந்தால் உயரத்துக்கும் நீளத்துக்கும் அதே கால், ஈட்டியிலும் குண்டிலும் கடைசியாக ஊன்றுவதும் அதே கால். 200 மீட்டர் வளைவில் உள்பக்கம் இருப்பதும் அதுதான். போன வாரம் வந்த பெண்ணுக்கு விரிசல் ஏன் இடது பாதத்தில் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஏழில் ஒன்றைத் தொடங்காவிட்டாலும் மீதிப் போட்டிகளில் இறங்க முடியாது, இறுதிப் பட்டியலில் பெயரும் வராது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவின் நந்தினி அகசரா 5712 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். ஸ்வப்னா 5708, நான்காம் இடம். நாலே நாலு புள்ளி! 800 மீட்டரில் அது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப்பட்ட விளையாட்டில் விலகு என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

ஆனால் உச்சத்தில் இருப்பவர்கள் விலகியிருக்கிறார்கள். 7291 புள்ளி என்ற உலக சாதனை இன்றும் அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர்-கெர்சி பெயரில்தான் இருக்கிறது, 1988 சியோல் ஒலிம்பிக்கில் எடுத்தது. அவரே 1996 அட்லாண்டாவில் முதல் போட்டியான தடை ஓட்டத்தில் தொடைப் பின்தசை இழுத்துக்கொண்டதும் ஹெப்டத்லானிலிருந்து விலகினார். சில நாள் கழித்து நீளம் தாண்டுதலில் 7.00 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினார். பெல்ஜியத்தின் நஃபி தியாம் குதிகால் தசைநாண் பிரச்சினையால் 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்புக்கே போகவில்லை. அடுத்த ஆண்டு பாரிஸில் 6880 புள்ளியோடு தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். பிரிட்டனின் கேட்டரினா ஜான்சன்-தாம்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் வளைவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சக்கர நாற்காலி வேண்டாம் என்று நொண்டியபடி கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சியைத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள். அதன் பிறகு அவர் மீதிப் போட்டிகளில் இறங்கவில்லை, குணமாகி வந்து 2023 புடாபெஸ்டில் உலகத் தங்கம் வாங்கினார். இதையும் சேர்த்துப் பகிருங்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எலும்பில் ஒரே புள்ளியில் வலி, ராத்திரி படுத்தாலும் வலி, வார்ம் அப் செய்யச் செய்யக் கூடும் வலி: இதில் எது இருந்தாலும் தாண்டுவதை அன்றே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்று மறுநாளே மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். டேப் எலும்பை ஒட்டவைக்காது. வலி மாத்திரை போட்டு இறக்கிவிடுவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதுதான். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 2022 முதல் அந்த வகை ஊசிகள் எல்லாமே போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

அப்புறம், அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால் "பயிற்சி பண்ற பொண்ணுதானே, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பு பலம் இழப்பதும் அப்போதுதான். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எடை குறைந்தால் தாண்டும் உயரம் கூடும் என்று யாராவது சொல்லி அவள் சோற்றைக் குறைத்திருக்கிறாளா என்றும் அதட்டாமல் கேளுங்கள்.

கோச்களே, போட்டிக்குப் பத்து நாள் முன்னால் ஒவ்வொரு பெண்ணையும் வெறுங்காலில், ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொல்லுங்கள். முதலில் நல்ல கால், பிறகு எழும்புகிற கால். முகத்தைப் பாருங்கள், வாயால் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். முகம் சுளித்தால் பெயரை வாபஸ் வாங்கிவிட்டு எங்களிடம் அனுப்புங்கள்.