மேலே இறுகினால் போதுமா? ஜெல் பாலிஷ் போடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

ஜெல் பாலிஷ் கிட் இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கைக்கடக்கமான ஒரு குட்டி லேம்ப், நாலைந்து கலர், ஒரு பேஸ் கோட், ஒரு டாப் கோட். வீடியோ பார்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டதும் பார்லருக்கு வந்து “பிராண்ட் சரியில்லை மேடம்” என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்கள்தான் தெரிகின்றன: கோட் தடிமனாக இருக்கும், அல்லது லேம்ப் அந்த ஜெல்லுக்குப் பொருந்தாததாக இருக்கும்.

சாதாரண நெயில் பாலிஷில் இருக்கும் திரவம் ஆவியாகிப் போவதால் அது காய்கிறது. ஜெல் அப்படிக் காய்வதில்லை. அதில் அக்ரிலேட் வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. லேம்பின் ஒளி பட்டதும் அவை ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. ஒளி போய்ச் சேராத இடத்தில் பிணைப்பும் நடக்காது. ஆகவே ஜெல்லைச் சமமாகப் போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. தடித்த இடத்தில் மேல்பக்கம் பால் ஏடு மாதிரி இறுகிச் சுருங்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். கறுப்பு, வெள்ளை, அடர் சிவப்பு ஆகியவற்றில் நிறமி அதிகம் என்பதால் ஒளி உள்ளே போவது இன்னும் கடினம். அவற்றை ஒரே பூச்சில் மூட நினைக்காதீர்கள். முதல் கோட் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் தெரியட்டும்.

நகத்தைத் தயார் செய்வதிலும் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டும். மெனிக்யூர் என்றாலே வெந்நீரில் கை ஊறவைப்பது என்று பழகிவிட்டோம். ஜெல்லுக்கு அது ஆகாது. ஊறிய நகம் நீரை இழுத்து உப்பும், அப்புறம் சுருங்கும், மேலே உள்ள ஜெல் அதோடு சேர்ந்து அசையாமல் பிடி விட்டுவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு வருகிறவர்களும் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, நகத்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய செத்த தோலை நீக்கி, பஃபரால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்த்து, நகத்தின் ஈரத்தை எடுக்கும் டீஹைட்ரேட்டர் திரவத்தைத் தடவினால் போதும்.

இனி பிரஷ். பாட்டிலைக் குலுக்கினால் குமிழ் வரும், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் முழுக்க வழித்துவிட்டு, மறுபக்கத்தில் ஒரு சிறு துளி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளியை நகத்தின் நடுவில் வைத்து, நகம் தொடங்கும் இடத்துச் சதையை நோக்கி மெதுவாகத் தள்ளி, சதையைத் தொடுவதற்கு மயிரிழை முன்பே நிறுத்தி, நுனி வரை இழுக்க வேண்டும். அடுத்து இடது ஓரம், வலது ஓரம். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் செய்வது பிரஷை அழுத்துவது. அழுத்தினால் கோடு விழும். நகத்தில் பிரஷ் முடி படாமல், ஜெல்தான் பட வேண்டும். பிறகு சில விநாடி விட்டால் ஜெல் தானாகப் பரவிச் சமமாகும். நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்து மூடிவிடுங்கள், உரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். சதையில் ஒட்டியிருந்தால் லேம்புக்குள் வைப்பதற்கு முன்பே குச்சியால் துடைத்துவிட வேண்டும்.

லேம்ப் வாங்குகிறவர்கள் வாட் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அது மின்சாரக் கணக்கு. ஜெல்லுக்கு வேண்டியது சரியான அலைநீளம், போதுமான ஒளி. இப்போதைய எல்இடி லேம்புகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் ஒளி தருகின்றன. பழைய 36 வாட் ட்யூப் லேம்பில் 2 நிமிடம் ஆவது எல்இடியில் 30 முதல் 60 விநாடியில் முடியலாம். ட்யூப் பழசானால் நீல வெளிச்சம் தெரியும், ஆனால் வேலை செய்யும் சக்தி குறைந்திருக்கும். ஜெல் கம்பெனி எந்த லேம்பை, எத்தனை விநாடி சொல்கிறதோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிபிஓ என்ற ஒளித்தூண்டி (ஒளி பட்டதும் பிணைப்பைத் தொடங்கிவைக்கும் பொருள்) 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்குப் பதில் வேறு தூண்டி சேர்த்த ஜெல்கள் வருகின்றன, ஆகவே பழைய பாட்டிலின் நேரத்தைப் புது பாட்டிலுக்கு வைத்துவிடாதீர்கள். கட்டைவிரல் எப்போதும் சாய்ந்துதான் நிற்கும், அதைத் தனியாகக் காட்டுவதே நல்லது. உள்ளே நகம் சுரீர் என்று சுட்டால், பிணையும்போது வரும் சூடு அது. தடித்த பூச்சில் அதிகமாக இருக்கும். கையை வெளியே எடுத்து, ஆறியதும் மறுபடி வைத்து நேரத்தை முழுசாக முடியுங்கள்.

லேம்பில் இறுகி க்யூர் ஆன பிறகும் மேலே பிசுபிசுப்பு இருந்தால் பதற வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்படலத்தைப் பிணைய விடுவதில்லை, பல டாப் கோட்டுகளில் இது இயல்பு. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கும்போது, அந்தப் பிசுக்கைச் சதையில் தேய்க்காமல் எடுப்பதுதான் முக்கியம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், பிணையாத அக்ரிலேட் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். விரல்நுனியில் அரிப்பு, சிறு கொப்புளம், வெடிப்பு, நகம் அடியிலுள்ள சதையிலிருந்து விலகுவது எல்லாம் வரும். கண் இமைகூட வீங்கும், கை அங்கே போகிறதே. இதை நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. அரிப்பு தொடங்கினால் ஜெல்லை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க நிற்கும். பல் அடைக்கும் பிசினிலும், எலும்பு அறுவையில் வைக்கும் சிமென்ட்டிலும் இதே குடும்ப ரசாயனங்கள்தான், எனவே அங்கே போகும்போதும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஜெல்லில் அதிகம் சேர்க்கும் ஹெமா என்ற அக்ரிலேட் வகை ரசாயனத்தைத் தொழில்முறையாளர் மட்டும் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதித்தது. பார்லரில் வேலை செய்கிற பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சாதாரண கையுறையையும் அக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், பட்டதும் மாற்றுங்கள்.

லேம்ப் ஒளியில் யூவி-ஏ என்ற புற ஊதாக் கதிர் இருப்பதால் கைக்குச் சன்ஸ்கிரீன் தடவலாம், அல்லது நுனி வெட்டிய கையுறை போடலாம். சன்ஸ்கிரீன் நகத்தில் மட்டும் படக்கூடாது.

கழற்றும்போது டாப் கோட்டை லேசாக ராவி, அசிட்டோன் பஞ்சை வைத்து ஃபாயிலால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து உரித்தெடுத்தால் நகத்தின் மேலடுக்கும் கூடவே வரும். கைநகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகலாம். அப்படி உரித்த நகத்தோடு வருகிறவர்களுக்கு நான் எண்ணெய் தடவி வெட்டிவிடுவதோடு சரி, கல்யாணம் நாளைக்கு என்றாலும் ஜெல் போடுவதில்லை.