பைக்குக்குப் போடுற பெட்ரோலை அப்படியே விமானத்தில் ஊற்றாதீர்கள்

மறுபடியும் அதேதான். பறக்கும் கிளப்புகளின் சிறு விமானங்களில் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினிலிருந்து கழற்றிய, பிங் கம்பெனியின் இரண்டு கார்புரேட்டர்கள் மேசையில் இருக்கின்றன. கிண்ணத்தின் அடியில் காய்ந்த கோந்து மாதிரி பழுப்புப் படலம். மிதவைகள் பெட்ரோலில் ஊறிக் கனத்துவிட்டன. கூடவே வந்த ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்தால், உள்பக்கம் பழைய சுவர்ச் சுண்ணாம்பு போலப் பொரிந்து நிற்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புச் செதில், பிய்ந்து விழக் காத்திருக்கிறது. பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசியில் அது போய்ச் சிக்கினால் அந்தப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் போச்சு. அதுவும் முழு த்ராட்டில் கொடுத்து மேலேறும்போதுதான் நடக்கும்.

என்ன பெட்ரோல் போடுகிறீர்கள் என்று கிளப்புகளில் கேட்டால் ஒரே பதில்தான்: "பங்க்கில் கிடைக்கிறதுதான் சார். நம்ம காருக்கே அதுதானே போடுறோம்."

இந்தப் பதிலைத்தான் விடவேண்டும். 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுக்கப் பங்க்குகளில் பரவிவிட்டது. ரோட்டாக்ஸ் 912 வரிசைக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதித்திருப்பது இ10 வரை மட்டுமே. இன்றைய காரில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எரிபொருள் மாறினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு கூடுதலாகப் பீய்ச்சிச் சரிசெய்துவிடும். பிங் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதில் இருப்பது அளவெடுத்துத் துளைத்த ஒரு பித்தளை ஜெட். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது, அதன் எரிசக்தியோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஜெட் அதே அளவு விட, கலவை மெலிகிறது, எஞ்சின் சூடேறுகிறது. கார் நின்றால் ஓரங்கட்டலாம். மேலே ஓரம் எங்கே இருக்கிறது? "இத்தனை நாள் ஓடியதே" என்பதும் பதில் இல்லை. குழாயும் மிதவையும் ஒரே நாளில் கெடுவதில்லை. இறக்கைக்குள்ளேயே ஃபைபர் தொட்டி கட்டியிருக்கும் விமானங்களில் ஃபைபரைப் பிடித்து வைக்கும் ரெசினும் சேர்ந்து இளகலாம். அதனால் எஞ்சின் கையேட்டோடு விமானக் கையேட்டையும் பாருங்கள். இரண்டில் எது கடுமையாகச் சொல்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

அடுத்த ஆபத்து தண்ணீர். காலையில் வடிகால் திருகைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்த்து, "தண்ணி இல்லை" என்று டிக் போடுகிறீர்கள். சுத்தப் பெட்ரோலுக்கு அது சரி, தண்ணீர் அடியில் முத்தாகத் தெரியும். எத்தனால் பெட்ரோலில் தண்ணீர் கரைந்தே கிடக்கும், குப்பி பளிங்குபோலத்தான் இருக்கும். அளவு மீறினாலோ, மேலே போய்க் குளிர்ந்தாலோ, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து தொட்டியின் அடியில் இறங்கும். எஞ்சினுக்குப் போகும் வாயும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கேனைத் திறந்ததும் முதல் வேலை இது. 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கீழ் அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19-ஐ ஒட்டி ஏறினால் இ10. 28-ஐ நெருங்கினால் அது இ20, விமானத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இது கிட்டத்தட்டக் கணக்குதான், ஆனாலும் முடிவெடுக்கப் போதும். ஒவ்வொரு கேனுக்கும் செய்யவேண்டும். நேற்று அதே பங்க்கில் வாங்கியதுதான் என்பது சாக்கு ஆகாது.

சில கிளப்புகளில் பெட்ரோலைத் தண்ணீர் விட்டுக் கழுவி எத்தனாலைப் பிரிக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். எத்தனாலோடு ஆக்டேனும், அதாவது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் திறனும், இறங்கிவிடும். 80 குதிரைத்திறன் 912-க்கே குறைந்தது 90 ரான் (ஆக்டேன் அளவு) வேண்டும், 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 95. கழுவிய பெட்ரோலில் அது எவ்வளவு மிச்சம் என்று யாரும் அளப்பதில்லை. அப்படி வெடித்துத் தட்டி பிஸ்டன் ஓட்டையானபின் அளந்து என்ன பயன்?

அப்படியானால் எதைப் போடுவது? எத்தனால் 10 சதவீதத்துக்குள் என்று பரிசோதனையில் தேறிய, ஆக்டேன் போதிய பெட்ரோல். இல்லையென்றால் விமானத்துக்கென்றே வரும் பெட்ரோலான ஆவ்கேஸ் 100 எல்எல். 2022 செப்டம்பரிலிருந்து இந்தியன் ஆயில் அதை இங்கேயே தயாரிக்கிறது. விலை கடிக்கும், உண்மைதான். கூடவே அதில் ஈயமும் இருக்கிறது. 912-இல் கியர்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் ஒரே ஆயில், ஈயக் கசடு இரண்டிலும் படியும். ஆவ்கேஸே பெரும்பாலும் போடுகிறீர்கள் என்றால் ஆயிலை 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்ல, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், முடிந்தால் 25-க்கே. முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைத் தாங்கிப் பிடிக்காது, செமி சிந்தெடிக் வாங்குங்கள்.

வெயில் விஷயமும் உண்டு. மதியம் இறங்கி, அரைமணி நிறுத்தி, அடுத்த மாணவரை ஏற்றும் நேரம்தான் மோசமானது. எஞ்சின் மூடிக்குள் தேங்கிய சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகும். மேல்மூடியைத் திறந்து வையுங்கள். கிளப்பும்முன் எலக்ட்ரிக் பம்ப்பைப் போட்டு, எரிபொருள் அழுத்தம் 0.15 பாருக்குக் கீழே போகிறதா என்று கவனியுங்கள். பிரேக்கில் நிறுத்தி முழு த்ராட்டிலில் அரை நிமிடமாவது ஓட்டிப் பார்த்தபிறகே ஓடுபாதைக்குப் போங்கள். அழுத்தம் காட்டும் முள் ஆடினால் அன்றைக்குப் பறக்க வேண்டாம், மாணவர் வெயிலில் காத்திருந்தாலும் சரி.

ரப்பர் குழாய்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டியவை, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும். வாங்கும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக் குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்த்து 7 கிராமைத் தாண்டக்கூடாது. இதற்கு நகைக்கடைத் தராசே போதும். ஐட்லிங்கில் எஞ்சின் உதறினாலோ, கார்புரேட்டருக்குக் கீழே தட்டில் பெட்ரோல் சொட்டினாலோ, "டியூனிங்" என்று ஸ்க்ரூவைத் திருகாமல் முதலில் மிதவையை நிறுங்கள். அந்தச் சொட்டுக்குக் கீழேதான் புகைபோக்கி கனன்றுகொண்டிருக்கிறது.

கிளப் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எரிபொருளை ஒரே ஒருவர் பொறுப்பில் விடுங்கள். வாங்கிய தேதி, பங்க், பரிசோதனையில் வந்த அளவு, மூன்றையும் கேன் மேலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பறக்காத விமானத்தின் தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணங்களையும் வடித்துவிடுங்கள். எழுத்து இல்லாத கேன் கொட்டகையில் கிடந்தால், யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் ஜெனரேட்டரில் ஊற்றிவிடுங்கள்.