டிசம்பர் வந்தால் தூக்கம் போகிறதா? சுனாமி கண்ட ஊர்க்காரர்களுக்கு

நாகப்பட்டினம் கடலோர ஊர்களில் டிசம்பர் பிறந்தாலே தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். இசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. போன வருஷம் இதே சமயத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டால்தான், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு" என்பார்கள். இதை நினைவுநாள் எதிர்வினை என்கிறோம். தேதி ஞாபகம் இல்லாவிட்டாலும் மார்கழிக் குளிர், வேளாங்கண்ணிக்குப் போகும் கிறிஸ்துமஸ் கூட்டம், டிவியில் திரும்பத் திரும்ப ஓடும் அலைக்காட்சி, இவை போதும், உடம்பு பழைய பயத்துக்குப் போய்விடும். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

2004 டிசம்பர் 26 அன்று, அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பலரை முகம்கூடப் பார்க்காமல் மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது, சிலர் கிடைக்கவே இல்லை. காரியம் செய்தால் நாமே சாகக் கொடுத்தது போலாகிவிடுமோ என்று படத்துக்கு மாலை போடாமலேயே இருக்கும் வீடுகள் உண்டு. அவர்களிடம் "இனிமே வரமாட்டான், மனசைத் தேத்திக்க" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

இதைவிடக் கடினம், பிள்ளையின் கையை விட்டுவிட்டேனே என்ற குற்றவுணர்வு. விதி என்று சொல்லி வாயை அடைப்பதில் பலனில்லை. முழுசாகக் கேட்ட பிறகு நான் சொல்வது இதுதான்: நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் என்று வைத்தால் அவ்வளவு கடல்நீரே ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை, அது எத்தனையோ மடங்காகப் படகையும் சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தபோது எந்தத் தாயின் பிடியும் நின்றிருக்காது. ஒரே நாளில் நம்பமாட்டார்கள். பல தடவை சொல்ல வேண்டும், சலிக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், யாரையும் கட்டாயப்படுத்திப் பேச வைக்காதீர்கள். பேரிடர் முடிந்த உடனே நடந்ததையெல்லாம் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற பழைய முறையை உலக சுகாதார நிறுவனமே இப்போது பரிந்துரைப்பதில்லை. வருஷா வருஷம் மைக்கை நீட்டி அழ வைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்களே, அன்று இரவு அந்த அம்மாவோடு யார் இருப்பது? ஊரோடு சேர்ந்து கடலில் பால் ஊற்றிப் பூ தூவ விருப்பமுள்ளவர் வரட்டும். வீட்டிலேயே இருக்க நினைப்பவரை விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

சரி, எப்போது உதவி தேடுவது? ஜனவரி பாதி தாண்டியும் தூக்கம் திரும்பவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.